பொன்கழுத்து உதிரும் பருவம்

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் காட்டுக்கோழி புதிதல்ல. விடிந்ததும் மட்டை அடுக்கிய வரிசைகளுக்கு நடுவே வந்து உதிரிப்பழம் கொத்தும். எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு சேவல் இரண்டு மூன்று பெட்டைகளோடு மேய்கிறது. கறுத்த சாம்பல் நிறக் கால், வாலடியில் வெள்ளைக் கொத்து. கூவினால் கடைசி இழுவை சட்டென்று அறுந்துபோகும். புழு கிடைத்தால் உடனே விழுங்காது; கொத்தித் தூக்கிக் கீழே போட்டுப் பெட்டையை அழைக்கும். ஆள் நெருங்கினால் மட்டைகளுக்குள் ஓடி மறையும்.

இந்த இனத்துச் சேவலுக்கு ஓர் இயல்பு உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கழுத்தின் பொன்னிறத் தூவிகள் உதிர்ந்து, அங்கே கறுத்த குட்டை இறகு முளைக்கும். கொண்டை சுருங்கும், கூவல் குறையும். சில மாதங்கள் அப்படி அடங்கி வாழ்ந்துவிட்டு மறுபடி பொன்கழுத்தோடு வெளிப்படும். வீட்டுச் சேவலுக்கு அந்த ஓய்வு இல்லை. ஆண்டு முழுவதும் அது மினுங்க வேண்டும், கூவ வேண்டும். இரையும் காவலும் நாம் கொடுக்கிறோம். அடங்கியிருக்கும் காலத்தை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

மனிதரிடமும் இதைத்தான் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் நாலு மாதம் கோயில் பக்கம் வரவில்லையென்றால், “இன்னுமா அப்படியே இருக்காரு?” என்று கேட்கிறோம். அவருக்கு ஏன் ஓராண்டு கொடுக்கக்கூடாது? தேறி வருவதற்கு மறைவும் நேரமும் வேண்டும். ஊரார் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டே யாரும் தேறுவதில்லை.

இங்கே காட்டுச் சேவலும் அந்த ஓய்வை இழந்துவிட்டது போலிருக்கிறது. 1998-இல் பீட்டர்சன், பிரிஸ்பின் என்னும் இரு ஆய்வாளர்கள், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த 745 காட்டுக்கோழிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலேசியப் பகுதியில் சேவலின் தூவி மாற்றத்தின் அடையாளம் 1920-களுக்குள்ளேயே மறைந்துவிட்டது, வீட்டுக்கோழியோடு கலந்ததே காரணமாகலாம் என்பது அவர்கள் முடிவு. 1920-கள் என்று படித்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள்தான் என் நினைவுக்கு வந்தன. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டது 1896-இல். பின்னால் தோட்டங்கள் பெருகின, நம்மவர்கள் வந்தார்கள், கூலி போதாத வீடுகளில் கோழி வளர்த்தார்கள். கம்பத்துக் கோழிகளோடு லயத்துக் கோழிகளும் காட்டுக்கோழிகளோடு கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பசிக்கு வளர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வேலியோரச் சேவல் மழையிலும் வெயிலிலும் பொன்கழுத்தோடே திரிவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

“ஒரு பிடி அரிசி போட்டா வாசலுக்கே வந்துரும் தம்பி,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

“வரும் அக்கா. அதனாலதான் போடல,” என்றேன். வாசலுக்கு வந்தால் எங்கள் நாட்டுக்கோழிகளோடு சேரும், கலப்பு இன்னும் கூடும் என்று விளக்கிச் சொன்னேன். நடந்த கலப்பை நீக்க என்னால் ஆகாது. மேலும் கலக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் கோழிகளைக் கம்பிவேலிக்குள்ளேயே மேயவிடுகிறோம். தன் கோழிகளுக்கும் அப்படியொரு அடைப்பு போட வேண்டுமென்று அக்கா கம்பிவலை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.