கைப்பேசிச் செய்தியும் நல்வாக்கும்



பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யுரையாமை. அஷ்டாங்க மார்க்கத்துள் மூன்றாவது நல்வாக்கு. பொய், கோள், கடுஞ்சொல், வீண்சொல் என்னும் நான்கையும் விலக்குதலே நல்வாக்கு எனப் பகவன் புத்தர் வகுத்தருளினார். இந்நெறி நாவுக்கு மட்டும் உரியதா? கைப்பேசியில் எழுத்தைத் தட்டும் விரலுக்கும் உரியதா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

முதற் குறுஞ்செய்தி 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலமாயின் 160 இடம். தமிழாயின் 70 இடமே. கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனி இடம் கொள்ளும். ஆதலின் மக்கள் சொல்லைச் சுருக்கக் கற்றனர். இணையவழிச் செய்திகளில் அவ்விடக்குறை இன்று இல்லை. சுருக்கும் வழக்கமோ நின்றபாடில்லை. “சரி” என்று ஒரு சொல் வருகிறது. அஃது இசைவா, சலிப்பா, சினமா? படிப்பவன் தன் மனத்தின் குரலாலேயே அதனைப் படிக்கிறான். அம்மனத்தில் ஐயம் குடியிருப்பின் நற்சொல்லும் நஞ்சாகிறது. அண்ணன் தம்பி பகையும், கணவன் மனைவி பிணக்கும் இவ்வாறே முளைக்கின்றன.

யான் ஆலையின் தறிக்கூடத்தில் உழைத்தவன். தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கூவினாலும் கேளாது. ஆயினும் உதட்டசைவாலும் கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டோம். அங்கே ஒலி இல்லை, முகம் இருந்தது, பொருள் தவறவில்லை. செய்தியிலோ எழுத்து உண்டு, முகம் இல்லை.

முகத்தின் வலிமை யாதென மகாவக்கத்தில் காண்க. பகவன் கடுந்தவத்தைக் கைவிட்டபோது, உடனிருந்த ஐவர் அவரை வெறுத்து நீங்கினர். அவர் வந்தால் எழுந்து வணங்குவதில்லை என்றும் தம்முள் பேசிவைத்தனர். போதி பெற்ற பகவனோ காசியை அடுத்த இசிபதனத்துக்கு நடந்தே சென்றார். அவர் நெருங்க நெருங்க ஐவரின் உறுதி தளர்ந்தது. ஒருவர் பாத்திரத்தையும் சீவரத்தையும் வாங்கினார், ஒருவர் ஆசனமிட்டார், ஒருவர் கால் கழுவ நீர் கொணர்ந்தார். தம்மசக்கரம் அதன் பின்னரே உருண்டது. ஆள்வழிச் சொல்லி அனுப்பியிருந்தால் அவ்வைவர் செவிகொடுத்திருப்பரோ?

செய்தியை முற்றும் பழிக்கின்றேனல்லேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் “வந்து சேர்ந்தேன்” என்று எழுதினால் தாய் நிம்மதியாக உறங்குகிறாள். செவி கேளாதார்க்கும் அது பெருந்துணை. ஆனால் அதனையும் வாக்கென்றே கொண்டு ஆளவேண்டும். சொல்லுக்குப் பகவன் ஐந்து இலக்கணம் கூறியதாக அங்குத்தர நிகாயம் உரைக்கிறது: காலமறிந்தது, மெய்யானது, மென்மையானது, பயனுள்ளது, அன்புள்ளத்தோடு கூடியது. அனுப்புமுன் இவ்வைந்தையும் வினவுக.

வினவாதொழிந்தால் விளைவு யாது? 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்னும் வதந்தி செய்தி செய்தியாகப் பரவிற்று. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அஞ்சி ரயிலேறினர். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு அரசு 15 நாள் தடை விதிக்க நேர்ந்தது. அவ்வதந்தியைக் கைமாற்றியோருள் பலர் அதனைப் புனைந்தவரல்லர். எனினும் மெய்யென அறியாததை மெய்போல் அனுப்புவதும் வாக்கின் குற்றமே.

நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. அயோத்திதாச பண்டிதர் காட்டிய வழியிலும், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் திறந்த வழியிலும் வந்த நாம், சாதிக் கட்டையும் பழஞ்சடங்கையும் உதறினோம். நமக்குப் புரோகிதரில்லை; சாதிக் கூட்டமில்லை; ஒருவர்க்கொருவர் நாமே சுற்றம். ஓரில்லத்தில் சாவு நேர்ந்தால் திரிசரணம் சொல்லவும் பாடை சுமக்கவும் நாமே செல்லவேண்டும். நாற்பது பேர் கூப்பிய கைகளின் படத்தை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தால், பாடைக்குத் தோள் கொடுப்பவர் யார்? பௌத்தரானதால் தனித்துவிட்டோமே என்று அவ்வீட்டார் கலங்கினால், அப்பழி யாரைச் சாரும்?

ஆதலின் தோழர்களே, சினந்தபோது எழுதாதீர். பிணக்கை நேரில் தீர்ப்பீர். துக்க வீட்டுக்கு நடந்து செல்வீர். பௌர்ணமி உபோசதத்தன்று கைப்பேசியை ஒதுக்கி வைத்து, வீட்டாரின் முகம் நோக்கிப் பேசுவீர். செய்தி வழியைச் சொல்லட்டும். சென்று சேரவேண்டியவர் நாமே.

எல்லா உயிர்களும் நலமுறுக!