யாரிடம் விட்டுப் போவது?

ஊருக்குப் போகிறவர்களுக்கு நல்ல பூட்டு ஒன்று இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக நாம் எண்ணுகிறோம். பாத்திரம் பண்டமும் பீரோவும் பூட்டுக்கு அடங்கிக் கிடக்கும். ஆனால் வீட்டில் வாயில்லா ஜீவன் ஒன்று இருந்துவிட்டால், பூட்டினால் மட்டும் காரியம் நடவாது. சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் யார், அவரிடம் நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதுதான் என்னைச் சில நாள்களாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

உடன் அழைத்துப் போய்விடலாமே என்பீர்கள். 1856-ஆம் வருஷம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்ட நாள் முதல் நம்மவர்கள் பிரயாணத்துக்குப் பழகிவிட்டார்கள். நாய்கள்தாம் இன்னும் பழகவில்லை. முதல் வகுப்பில் ஒரு தனி அறையையே மொத்தமாக எடுத்துக்கொள்ள வசதியுள்ளவருக்குக் கவலையில்லை. மற்றவர்களுடைய நாய் கார்டு வண்டியில் இருக்கும் கூண்டுப் பெட்டிக்குள்தான் ராத்திரி முழுவதும் போக வேண்டும். பூனையின் சங்கதி வேறு. நாய்க்கு ஆள் முக்கியம். பூனைக்கு இடம் முக்கியம். காசிமேட்டில் மீன் ஏலம் போடும் இடத்தில் வளர்ந்த பூனையைக் கொண்டுபோய்க் காஞ்சிபுரத்தில் விட்டால், அது உங்களையும் காஞ்சிபுரத்தையும் ஒருசேர வெறுக்கும்.

ஆகவே, ஆள் அமர்த்துகிறோம். இப்போது பட்டணத்தில் இதற்கென்றே ஆட்கள் கிடைக்கிறார்கள். நாய்களுக்கு விடுதிகளும் இருக்கின்றன. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் பெரும்பாலும் தெருவில் தெரிந்த ஓர் அம்மாளையோ, ஷிப்டு முடிந்து வரும் ஒரு பையனையோ பார்த்து, நாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். பணம் கைமாறியதும் மனசில் ஒரு நிம்மதி பிறக்கிறது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கூலி கொடுத்துவிட்டால் பொறுப்பும் கூடவே கைமாறிவிடுகிறதா?

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. அவருடைய சீடர் பத்திரகிரியார் அரசைத் துறந்து திருவிடைமருதூர்க் கோயில் வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தார் என்றும், அவரிடம் ஒரு திருவோடும் கூடவே ஒரு நாயும் இருந்தன என்றும் கதை சொல்வார்கள். பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், “மேலைக் கோபுர வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்” என்றாராம். அதைக் கேட்டுப் பதறிப்போன பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டு நாய் செத்தது. அந்த நாய் மறு ஜன்மத்தில் காசிராஜன் மகளாகப் பிறந்து வந்தது என்று கதை நீளும். துறவின் மேன்மைக்கு இதை உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ, கதையில் மறுக்க முடியாத உண்மை அந்தச் ‘சம்சாரி’ என்ற ஒரு சொல்லில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு நாய்க்குச் சோறு போடுகிறவன் சம்சாரிதான். ராஜ்யத்தையே விட்டவரும் ஒரு நாய் வைத்திருந்தால் அந்தப் பேரிலிருந்து தப்ப முடியவில்லை என்றால், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற நாம் பத்து நாள் கூலியைக் கொடுத்துத் தப்பிவிட முடியுமா?

எண்ணூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வீட்டில் நாட்டு நாய் ஒன்று. வாடிக்கையாக மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மாளையே கேட்கலாம் என்று முடிவாயிற்று. அவளைக் கூப்பிட்டுப் பேசியபோது நானும் திண்ணையில் இருந்தேன். கூலி, வேளை, சோற்றுக்குக் கோழிக் கழுத்து எந்தக் கடையில் வாங்குவது, எல்லாம் சுமுகமாக முடிந்தது. எழுந்திருக்கும் சமயத்தில் அவள், “கடிக்குமா சார்?” என்று கேட்டாள்.

“சே, சே! குழந்தை மாதிரி!” என்றார் நண்பர்.

உள்ளேயிருந்து அவருடைய தாயார், எண்பது வயசுக் கிழவி, “பேப்பர் போடற பையன் முழங்காலைச் சொல்லுடா” என்றாள்.

நண்பரின் முகத்தை நான் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். போன ஆடி மாசம் நடந்தது. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனை அடையாளம் தெரியாமல் பிடித்துவிட்டது. தடுப்பூசியெல்லாம் போட்ட நாய்தான், பயமில்லை. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “சொன்னது நல்லதாப் போச்சு ஆயா. நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே நாலு நாள் வந்து நான் சோறு வைக்கிறேன். அது கண்ணு முன்னால நீங்க என் கையில தட்டைக் குடுக்கணும்” என்றாள்.

நாயைப் பழக்கும் சாஸ்திரம் எழுதியவர்கள் இதைவிடச் சிறப்பாகச் சொல்லியிருக்க முடியாது. அதைப் பிறகு பார்ப்போம். நண்பர் சொன்ன ‘குழந்தை மாதிரி’யைச் சற்று யோசியுங்கள். அவர் பொய்யர் அல்ல. ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் வந்த வார்த்தை அது. நம்மில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தை. ஆனால் கடிபட்டால் அது ஓர் ஊசியோடு போவதில்லை. நாள் கணக்கு வைத்துக்கொண்டு நாலைந்து தடவை ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். கூடை தூக்கி விற்கிறவளுக்கு அந்த நாள்களின் வரும்படி போயிற்று. பத்து நாள் கூலி அதற்கு எந்த மூலைக்கு?

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த இடத்தில் ஆச்சரியப்படும்படியாகப் பேசுகிறது. சட்டப் புத்தகத்தில் ஜீவராசிகளுக்கு மரியாதை கிடையாது; மாடும் குதிரையும் அங்கே ‘பொருள்’கள்தாம். ஒருவன் தன் பசுவை இன்னொருவனிடம் பார்த்துக்கொள்ள விட்டுப் போனான், பசு கன்று போட்டது, கன்றையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 163-ஆம் பிரிவுக்கு உதாரணம் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 150-ஆம் பிரிவு. பொருளை ஒப்படைக்கிறவன் அதில் தனக்குத் தெரிந்த குற்றங்குறைகளைச் சொல்லிவிடக் கடமைப்பட்டவன். முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவன் குதிரையைக் கொடுத்தான். அது ஓடி, ஏறியவன் விழுந்து காயப்பட்டான். நஷ்டத்துக்குக் கொடுத்தவனே பொறுப்பு. பார்த்துக்கொள்கிறவரிடம் சட்டம் கேட்பதோ மிகவும் அடக்கமானது. சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் கவனம் போதும் என்கிறது 151-ஆம் பிரிவு. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பயனாக வந்த 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்யவேண்டும் என்றது. சாவியை வாங்கிக்கொண்டவளும் அதில் அடக்கம். ஆனால் பொறுப்பில் விட்டவர் விடுபட்டுவிட்டார் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

நம் பழைய கதைகள் சட்டத்தைப்போல அடக்கமானவை அல்ல. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆயர்குலத்து மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். கூலி பேச்சே இல்லை. பிறகு நடந்த அநியாயத்தில் மாதரிக்கு எள்ளளவும் பங்கில்லை. குற்றம் அரசனுடையது, பொற்கொல்லனுடையது. ஆனாலும் அடைக்கலத்தைக் காக்கவில்லையே என்று அவள் தீயில் விழுந்து உயிர் விட்டாள். அதே காதையில்தான் கீரிப்பிள்ளையும் வருகிறது. குழந்தைக்குக் காவலாக நின்று பாம்பைக் கொன்ற கீரியை, வாயில் ரத்தம் கண்டு தாய் கொன்றுவிட்ட கதை. அந்தப் பாவத்துக்குக் கோவலன் தன் பொருளைச் செலவிட்டுப் பிராயச்சித்தம் செய்வித்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனசு கனக்கிறது. இரண்டிலும் செத்தது காவலுக்கு நின்றவர்தான்! விட்டுப் போனவர்களிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இன்றைக்கும் அப்படித்தானே? திரும்பி வந்து நாய் மெலிந்திருந்தால் முதல் பார்வை யார்மேல் விழுகிறது? இப்போது வீட்டுக்குள் காமிரா வைத்துவிட்டு, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் நாயைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலும் பார்ப்பது வேலைக்காரியை.

நண்பர் வீட்டில் ஒரு காகிதத்தில் விவரங்கள் எழுதினார்கள். எந்த வேளைக்கு எத்தனை பிடி சோறு, எந்தக் கிண்ணம், எந்தத் துண்டு என்று அரைப் பக்கம் நிரம்பியது. நாய் எதற்குப் பயப்படும் என்று ஒரு வரி இல்லை. கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளியும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே எழுதத் தோன்றவில்லை. உடம்புக்கு வந்தால் எவ்வளவு வரைக்கும் செலவு செய்யலாம், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. ஆளை வைத்துவிட்டு அதிகாரத்தைக் கையோடு ஊருக்கு எடுத்துப் போவது நமக்கு வழக்கம். கொடுத்த அதிகாரத்துக்கு மேல் பொறுப்பைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? அவர்களிடம் இதைச் சொன்னேன். காகிதத்தின் பின்பக்கமும் நிரம்பியது. கொஞ்சம் முன்பணமும் ஓர் உறையில் போடப்பட்டது.

முக்கியமானதை நானும் விட்டிருந்தேன் போலும். அதை அந்த அம்மாளே கேட்டாள். எண்ணூர்வாசிகளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் வெள்ளம் வந்தபோது, கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். 2004-இல் சுனாமிக்கு ஓடியதும் அதே டிசம்பர் 26 அன்றுதான் என்பதை அந்தக் கரையில் யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

“அன்னிக்கு மாதிரி காஸ் வந்துச்சுன்னா?” என்றாள் அவள். “ராத்திரியில நாய் சங்கிலியில இருக்கும். வீடு பூட்டியிருக்கும். நான் குப்பத்துல இருப்பேன். புள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஓடுவேனா, இங்க வந்து பூட்டைத் திறப்பேனா?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மாதரியின் தீயை இந்த அம்மாளிடம் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. நாய்மேல் எவ்வளவு பிரியமிருந்தாலும், இன்னொருத்தியின் மூச்சைப் பந்தயம் வைக்கிற அளவு அந்தப் பிரியம் நம்முடைய சொத்தல்ல. அப்படியானால் அந்த ராத்திரிக்கு யார் பொறுப்பு? சங்கிலியைக் கட்டியவர்தான். ஊரில் இல்லாவிட்டாலும் அவர்தான். தூரத்திலிருந்து அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால் அதைப் புறப்படுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

நண்பரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார் போலிருக்கிறது. “ராத்திரியில கட்ட வேண்டாம்” என்றார். “பின்கட்டுக் கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்தால் போதும். தள்ளினால் திறந்துகொள்ளும், சந்து வழியாக ரோடுக்கு வந்துவிடும்.”

“திருடன் வந்தா?” என்றாள் அவர் மனைவி.

“வரட்டும். நடுக் கதவைப் பூட்டிவிடலாம்.”

குப்பத்து அம்மாள் கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். “காஸ் வந்தா நான் வரமாட்டேன் சார். மறுநாள் காலையில வந்து தேடுவேன். இதையும் எழுதிக்குங்க” என்றாள். நண்பர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் இடமில்லை. கிழவி அதை வாங்கி, முன்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, ‘பிள்ளையார் சுழி’ போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கோணல் எழுத்தில் அதை எழுதினாள்.