யாருக்கு எந்த அறை?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்து வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வங்காடியில் முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் வாழைப்பூவும் கிடைக்கும் என்பதனாலேயே தில்லி வாழ்க்கை நம்மில் பலருக்குத் தாங்கக்கூடியதாக ஆயிற்று. எதிர்ப்புறத்தில் 1994ஆம் ஆண்டு தில்லி ஹாட் எழுந்தது. 2010இல் மெட்ரோ இரயில் வந்து நின்றது. எனினும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிவேப்பிலைக் கட்டுக்கும் மீனுக்குமாக அங்கு வந்து குழுமும் நம்மவர் கூட்டம் குறைந்தபாடில்லை. காய் வாங்குவது பாதி; தமிழ் பேசுவது மீதி.

அத்தகையதொரு காலையில் நண்பர் ஒருவரை அங்கே கண்டேன். மத்திய அரசுப் பணியில் முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டு, ஓய்வு பெறும் நாளை எண்ணிக் கொண்டிருப்பவர் அவர். கக்கத்தில் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்று, மறுநாள் தம் தந்தையாரின் திதிக்கென வாங்கிய வாழையிலை. மற்றொன்று, கும்பகோணத்தை அடுத்து அவர் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் எழப்போகும் வீட்டின் வரைபடம். கடைக்காரர் இளநீர்க் குலையைச் சற்றே ஒதுக்கி இடம் தர, தேங்காய் மூட்டையின் மேல் அப்படத்தை விரித்து, விரலால் அறை அறையாக என்னை அழைத்துச் சென்றார்.

மனை 30 அடிக்கு 60 அடி. முன்புறம் கார் நிறுத்த இடம். அடுத்து வரவேற்பறை, அதன் ஓரமாகத் தெருப்பக்கம் மாடிப்படி. பின்னர் கூடம், உணவறை, தென்கிழக்கில் சமையலறை, வடகிழக்கில் பூசையறை, தென்மேற்கில் நண்பரும் அவர் துணைவியாரும் துயிலும் அறை. மாடியில் இரண்டு பெரிய அறைகள், தனித்தனிக் குளியலறையுடன். ஒன்று அமெரிக்காவிலுள்ள மூத்த மகனுக்கு. மற்றொன்று பெங்களூரில் இருக்கும் இளையவனுக்கு. வாஸ்து அறிந்தவரைக் கேட்டாயிற்று, பொறியாளரைக் கேட்டாயிற்று, மகன்கள் இருவரையும் தொலைபேசியில் கேட்டாயிற்று என்றார், பெருமிதத்துடன்.

“அம்மாவுக்கு எந்த அறை?” என்று கேட்டேன். எண்பதைக் கடந்த அவர் அன்னையார் இருபது ஆண்டுகளாக அவருடனேயே தில்லியில் இருந்து வருகிறார்.

“அம்மாவுக்கு ரூம் எதுக்கு சார்? கூடத்துல ஒரு கட்டில் போட்டாப் போதும். அவங்க எங்க வேணும்னாலும் இருந்துக்குவாங்க” என்றார்.

அவர் தீயவர் அல்லர். தாயைப் பேணுவதில் எனக்கும் உங்களுக்கும் ஒரு படி மேலானவர் என்றே சொல்வேன். எங்கு வேண்டுமானாலும் இருந்துகொள்வார் என்பதை அவர் தாயின் பெருங்குணமாகத்தான் சொன்னார். ஆயினும், வீடு திரும்பிய பின்னும் அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. எங்கும் இருந்துகொள்ளக் கூடியவர் என்று நாம் ஒருவரைச் சொல்லும்பொழுது, அவருக்கென ஓரிடம் தர வேண்டிய கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக் கொள்கிறோமோ?

இத்தகைய ஐயம் அரசுக் குடியிருப்பில் வாழும் வரை எழுவதில்லை. அங்கே நாம் எதையும் திட்டமிடுவதில்லை. சம்பளத்திற்கேற்ற வகை, அவ்வகைக்கேற்ற அறைகள், முறைப்பட்டியலில் நம் பெயர் வரும்பொழுது சாவி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டைச் சூழ்ந்துள்ள கித்வாய் நகரிலும் சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் அவ்வாறு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. இரண்டு அறைகளில் ஆறு பேர் உறங்கினோம். தாழ்வாரத்திற்குத் தட்டி அடைத்துப் பாட்டிக்கு இடம் செய்தோம். கோடையில் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டோம். இடம் போதவில்லையெனில் குறை அரசாங்கத்தினுடையது, நாம் குற்றமற்றவர்கள். அவ்வீடுகளுள் பலவும் இன்று இல்லை. கிழக்குக் கித்வாய் நகரின் பழைய வீடுகள் போய் அடுக்கு மாடங்கள் எழுந்துவிட்டன. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஆனால், அந்தக் குடியிருப்புகள் நமக்குப் பழக்கிவிட்ட மனநிலை மட்டும் இடிபடவில்லை. வெற்றுத் தாளின் முன் முதன்முதலாக அமரும்பொழுதுதான், இனிப் பழிசொல்ல வேறொருவர் இல்லை என்பது நமக்குப் புலனாகிறது. அங்கே ஒருவருக்கு இடம் இல்லாமற் போயிற்று. இங்கே நாம் தராமல் விடுகிறோம்.

சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் துணை வரும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாழும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சமையலறைக்கு 5, குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர். எவ்வளவு என்று சொல்லும் விதி, எவருக்கு என்று கேட்பதில்லை. மூத்த குடிமக்களின் பராமரிப்புக்காக 2007இல் இயற்றப்பெற்ற சட்டம், பராமரிப்பு என்னும் சொல்லுக்குள் உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றுடன் உறைவிடத்தையும் அடக்குகிறது. அவ்வுறைவிடம் கூடத்தின் மூலையா, கதவுள்ள அறையா என்பதை எந்த நீதிமன்றம் வந்து அளக்கும்?

பழந்தமிழ் வீட்டின் அமைப்பைப் புகழ்ந்து எழுதுவது நம் மலர்களில் வழக்கம், நானும் எழுதியிருக்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று அடுக்கும்பொழுதே நாவில் ஓர் இனிமை ஊறுகிறது. வழிப்போக்கன் கேளாமலே படுத்துறங்கிய திண்ணை அது என்பது உண்மை. ஆனால் இன்னாரின் மகன் அத்திண்ணையோடு நிற்க வேண்டும், இன்னார் அதன் கீழே தெருவிலேயே நிற்க வேண்டும் என்று ஆள்பார்த்து எல்லை வகுத்ததும் அதே அமைப்புதான். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கிய இடமும், கைம்பெண்கள் காலமெல்லாம் அடைந்து கிடந்த பின்கட்டும் அவ்வீட்டின் வரைபடத்தில் அடங்கியவையே. தரையில் ஒரு சுவர் எழுந்துவிட்டால், அது சொல்லும் தீர்ப்பை நாள்தோறும் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. காலும் உடலும் தாமே பழகிக்கொள்கின்றன. காகிதத்தில் கால் அங்குலம் என்பது தரையில் ஓர் அடி. அந்த ஓர் அடியில்தான் ஊன்றுகோலுடன் ஒரு முதியவர் திரும்ப முடிவதும் முடியாமற் போவதும் இருக்கின்றன.

மகன்களின் அறைகளுக்கு வருவோம். ஆண்டில் பத்து நாள் வருபவர்களுக்கு மாடி முழுவதையும் தந்துவிட்டு, ஆண்டு முழுதும் இருப்பவருக்கு ஒரு மூலை என்பது கணக்குப்படி அநீதி. அவ்வாறு தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம் இதனை அறிவோம். நாம் தில்லிக்கு இரயில் ஏறிய பின்னரும் ஊரில் நம் பெற்றோர் நமக்கென ஓர் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். நாம் வரவில்லை, பூட்டு துருப்பிடித்தது. அவ்வறை இருந்தது என்னும் நினைவு இருந்ததனால் தானே இங்கே நாம் அநாதைகளாக உணரவில்லை? வராதவருக்கு அறை ஒதுக்குவது ஒரு வேண்டுதலைப் போன்றது. அதனை வீண் என்று தள்ள எனக்குத் துணிவில்லை.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஓர் அரண்மனையின் கட்டுமானம் விரிவாக வருகிறது. நண்பகலில் கதிரவன் நிழலைக் கோல்கொண்டு கண்டு, நூலிட்டுத் திசை குறித்து, தெய்வத்தை நோக்கித் தொழுது, நூலறி வல்லுநர் மனை வகுக்கிறார்கள். குறையேதும் இல்லாத திட்டம். அத்தனை சிறப்புடன் எழுந்த அம்மனையின் உள்ளறையில், தந்தக் கட்டிலில், அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். மன்னனோ பாசறையில் புண்பட்ட வீரரிடையே நடந்துகொண்டிருக்கிறான். யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர் இல்லாத வீடு தமிழனுக்குப் புதிதன்று. ஆயினும் அப்பாட்டில் நம் கண்ணும் செவியும் வாடைக் காற்றில் விழித்துக் கிடப்பவளிடமே நிற்கின்றன. இல்லாதவனை எண்ணி, இருப்பவளைப் புலவர் மறந்துவிடவில்லை.

வள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டியவராக முன்னோர், தெய்வம், விருந்தினர், உறவினர், தான் என ஐவரைக் கூறித் தன்னைக் கடைசியில் நிறுத்துகிறார். நண்பரின் வரைபடத்தில் இவர்களுக்கு இடம் உண்டு. முன்னோருக்கு வாழையிலை உண்டு, தெய்வத்திற்கு வடகிழக்கு உண்டு, விருந்தாக வரும் மகன்களுக்கு மாடி உண்டு, தமக்குத் தென்மேற்கு உண்டு. முன்னோராக இன்னும் ஆகாதவர், விருந்தாளி அல்லாதவர், நாள்தோறும் கண்ணெதிரே இருப்பதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும் சுற்றத்தார்தாம் விடுபட்டார்.

துணைவியாரிடம் சமையலறை பற்றிக் கேட்டாரா என்பதும் என் மனத்தில் ஓடிற்று. கேட்காமல் நல்லது செய்ய முனைவதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று உண்டு. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட் நகரத்துப் புதுக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண்மணி ஒரு சமையலறையை வகுத்தார். நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். இரயிலின் உணவுப் பெட்டியை மனத்திற் கொண்டு, வேலைக்கு ஆகும் நேரத்தையும் நடையையும் அளந்து, பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் நன்னோக்கத்துடன் செய்யப்பெற்றது அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தது. இன்றைய நகர்ப்புறச் சமையலறைகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. ஆயினும் ஒருவருக்கு மேல் நிற்க இயலாத அவ்வறை, பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிமையில் நிறுத்திவிட்டது என்று பின்னாளில் குறை கூறினர். அதனை வகுத்த காலத்தில் தாம் சமைத்தறியாதவர் என்பதை அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பெண் ஒருவர் பெண்களுக்காக நல்லெண்ணத்துடன் வகுத்ததற்கே இந்நிலை என்றால், அலுவலகக் கோப்பைத் தவிர வேறொன்றைக் கிண்டியறியாத நம்மைப் பற்றி என்ன சொல்வது?

அடுத்த ஞாயிறு நண்பர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். சொல்ல வந்ததை ஆயத்தம் செய்துகொண்டே சென்றேன். பூசையறைக்கும் உணவறைக்கும் இடையே ஓர் அறை எடுக்கலாம். அதனை ஒட்டியே குளியலறை, கைப்பிடிகளுடன், வழுக்காத தரையுடன். அன்னையாருக்கு அமைதியாக இருக்கும். என் மனத்தில் அறை கட்டியே முடிந்துவிட்டது. தரைத்தளத் தாழ்வாரத்தில் வழக்கமான நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மையாரின் எதிரிலேயே படத்தை விரித்து அதனைச் சொல்லவும் சொன்னேன். நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நீ என்னம்மா சொல்றே?” என்று தாயின் பக்கம் திரும்பினார்.

“குளிக்கிற ரூம்பு கிட்ட இருந்தா நல்லதுதான் தம்பி” என்றார் அம்மையார் என்னைப் பார்த்து. “ராத்திரியில நாலு தரம் எந்திரிக்கிறேன். ஆனா நீங்க சொல்ற ரூம்பு வேணாம். உள்ளார கொண்டுபோயி வச்ச மாதிரி இருக்கும். வாசல் தெரியுற மாதிரி ஒரு ஜன்னல் போடச் சொல்லுங்க. இருவது வருசமா இந்த வராந்தாவுல ஒக்காந்து போறவங்க வர்றவங்களப் பாத்துக்கிட்டிருக்கேன். இந்தி தெரியாட்டியும் எல்லாரும் ‘அம்மாஜி’ன்னு கூப்புட்டுட்டுத்தான் போறாங்க. அங்க எனக்கு யாரத் தெரியும்? எங்காலத்து ஆளுங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சே.”

நண்பர் ஊருக்குத் திரும்புவதாகவே இந்த வீட்டைத் திட்டமிட்டிருந்தார். தாயும் ஊருக்குத் திரும்புகிறார் என்றே நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். அவரோ, இந்த வயதில் மறுபடியும் ஒரு புது ஊருக்குக் குடிபெயர்வதைப் பற்றிப் பேசினார். அவரைக் கூடத்தில் படுக்க வைத்த நண்பருக்கும், அமைதியான உள்ளறையில் வைக்கப் பார்த்த எனக்கும் இதில் வேறுபாடு அதிகமில்லை. நான் சற்று அகலமான இடம் தந்தேன், அவ்வளவே.

உள்ளிருந்து காபி கொண்டு வந்த நண்பரின் துணைவியார் அதனைக் கீழே வைக்காமல் நின்றவாறே படத்தைப் பார்த்தார். “அண்ணா, அப்படியே அடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. நானும் வேலைக்கு வர்றவளும் ஒண்ணா நின்னா இடிக்கக் கூடாது” என்றார். நண்பர் சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். இரண்டே முக்கால் அடி.

தெருப்பக்கச் சுவரில் அம்மையார் கேட்ட சாளரத்தை வைக்க வேண்டுமாயின் மாடிப்படியை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும். மாற்றினால், மாடியில் ஓர் அறை குளியலறையை இழக்கும். எந்த மகனின் அறை என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை என்று, சென்ற ஞாயிறு முருங்கைக்காய் பொறுக்கியவாறே நண்பர் கூறினார். வரைவாளர் புதுப் படம் அனுப்பப் பதினைந்து நாள் கேட்டிருக்கிறாராம்.