வக்பு நிலத்தின் அசல் எது?

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, அசலை நிறுத்தி வைத்து, அதன் பலனைத் தருமமாக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாதென்ற நிபந்தனையுடன் உமர் (ரலி) அவர்கள் அதை அர்ப்பணித்தார்கள். நம் பள்ளிவாசல் நிலங்களுக்கும் இதுவே முன்மாதிரி.

அப்படியானால் அசல் என்பது எது? பட்டாவில் கண்ட பரப்பும் நான்கெல்லையும் மட்டும்தானா?

காவிரிப் பாசன ஊர்களின் வழக்கத்தைப் பார்ப்போம். சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, வயலின் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் மக்கு சேர்கிறது.

இதை விட்டு, நெல்லுக்குப் பின் நெல்லையே நட்டு, யூரியாவை மட்டும் கொட்டினால் என்னவாகும்? 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. மணிச்சத்தோ சாம்பல்சத்தோ அதில் அறவே இல்லை. பயிர் கரும்பச்சையாய்த் தழைக்கும். மற்றச் சத்துக்களை மண்ணின் கையிருப்பிலிருந்து உறிஞ்சிக் கொள்ளும். அளவு மீறினால் புகையானும் குலைநோயும் பெருகும். கதிர் முற்றுமுன் பயிர் சாயும்.

உரமே கூடாதென்று நாம் கூறவில்லை. மண்ணைப் பரிசோதித்து, தொழுவுரத்துடன் அளவாக இடும் உரம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்திருக்கிறது. நாம் கேட்பது வேறு. ஆண்டுதோறும் ஏலம் விட்டு, அதிகத் தொகை கேட்டவருக்கே வயலைக் கொடுக்கும் ஊர்கள் உண்டு. மறு ஆண்டு வயல் தம் கையில் இருக்குமா என்றறியாத குத்தகைதாரர் கொழிஞ்சி விதைப்பாரா? இவ்வாண்டே போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்!

“குத்தகை கூடினால்தானே இமாமுக்குச் சம்பளமும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியும் கொடுக்கலாம்?” என்று முத்தவல்லி கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால், மண்ணின் சத்தைக் கரைத்து வந்த காசு பலனாகாது. அது அசலையே தின்பதாகும். எல்லைக்கல் அசையாதிருக்க, வக்பு உள்ளுக்குள் தேய்ந்து போகும்.

ஆகவே, சட்டம் இடம் தரும் அளவுக்குக் குத்தகைக் காலத்தை நீட்டுங்கள். சம்பாவுக்குப் பின் பயறு, நடவுக்கு முன் பசுந்தாள் உரம் என்பதை நிபந்தனையாக எழுதுங்கள். அதற்கான செலவில் ஒரு பகுதியைக் குத்தகையில் கழித்துக் கொடுங்கள். இனி பிறக்கப் போகும் ஏழைக்கும் அந்த வயலில் பங்கு உண்டு.

அமானிதத்தைப் பழுதின்றிப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.