பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகையினர். முதல் வகை, ஆசிரியர்கள். தங்கள் தொழிலில் வெளியார் தலையிடுவது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. நோயாளியின் உறவினர்கள் எல்லாரும் ஆபரேஷன் நடக்கும் அறைக்குள் வந்து நின்றுகொண்டால் டாக்டர் எப்படிக் கத்தியை எடுப்பார் என்பது அவர்கள் வாதம். இரண்டாம் வகை, பெற்றோர்களேதான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாயிற்று. இனிமேல் அவர்கள் பொறுப்பு என்பது இவர்கள் எண்ணம். "கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்த தகப்பன்மார் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தார்கள். தோலுக்குப் பெயர் போன எங்கள் வட்டாரத்தில் அந்த வாசகத்துக்குத் தனியான ஒரு ருசி உண்டு.

இரண்டு கட்சியும் தவறு என்பது என் அபிப்பிராயம். டாக்டரின் உவமை இங்கே பொருந்தாது. நோயாளி ஒரு மணி நேரம் மயங்கிக் கிடந்தால் போதும். டாக்டர் தம் காரியத்தை முடித்துவிடலாம். குழந்தையோ விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பசியில்லாமல் இருக்க வேண்டும். அச்சமும் அவமானமும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் கரும்பலகையில் எழுதியது அதன் உள்ளே போகும். பசியும் அச்சமும் அவமானமும் பெரும்பாலும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வகுப்புக்குள் வருகின்றன. சில சமயம் வகுப்பிலிருந்தே வீட்டுக்குப் போகின்றன. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் நிற்கும் குழந்தை தனியாகத் தத்தளிக்கிறது. இவ்வளவு தூரம் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நான் கேட்க நினைப்பது இதற்கு அடுத்த கேள்வி. பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் எந்தக் கோலத்தில் நுழைகிறார்கள்? கொடையாளியாகவா, யாசகனாகவா, குற்றவாளியாகவா? அல்லது உரிமையுள்ளவர்களாகவா?

கதை எழுதுகிறவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னையும் சில பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாவுக்கு அழைப்பதுண்டு. அங்கெல்லாம் நான் கவனித்திருக்கிறேன். மேடையில், பொன்னாடை போர்த்திக்கொண்டு ஒரு பெற்றோர் உட்கார்ந்திருப்பார். அவர் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவர். பந்தலில் நூறு பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கைதட்டுவதற்கு வந்தவர்கள். விழா இல்லாத மற்ற நாட்களில் போனால், தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பையன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று அழைத்திருப்பார்கள். மூவரும் பெற்றோர்களே. ஆனால் முதலாமவருக்குத்தான் நாற்காலி.

கொடுப்பதை நான் இகழவில்லை. இகழ்ந்தால் இந்த வட்டாரத்தின் சரித்திரத்தையே இகழ்ந்ததாகும். பாலாற்றங்கரை நெடுகத் தோல் வணிகத்தில் பொருள் சேர்த்தவர்கள் அதில் ஒரு பங்கைக் கல்விக்கு வைத்தார்கள். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தோன்றியது. இராணிப்பேட்டைக்கு அருகே மேல்விஷாரத்தில் பிறந்த தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் சாகிப் கொடைக்கே பெயர் பெற்றவர்; 1965-இல் அவ்வூரில் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோல் ஷாப்பின் வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு, அந்த வாடையிலிருந்துதான் இத்தனை வகுப்பறைகள் எழுந்தன என்பது தெரிவதில்லை.

இன்னும் பெரிய உதாரணம், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியபோது அது முதலில் ஊராரின் கையை நம்பித்தான் தொடங்கியது. பிறகே சர்க்கார் செலவில் பங்கு ஏற்றது. 1958-இல், கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை முன்னின்று நடத்தினார். ஊர் ஊராக மக்கள் கூடி, பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, பெஞ்சும் கடிகாரமும் சீருடையும் சமையல் பாத்திரமும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாடு ஏழையாக இருந்த காலம் அது. 'இது சர்க்கார் பள்ளிக்கூடம்' என்று தள்ளி நின்ற ஊர், 'இது எங்கள் பள்ளிக்கூடம்' என்று கிட்டே வந்தது. கொடுத்த பொருள்களைவிட அந்த வார்த்தை மாறியதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கொடையில் ஒரு குறை உண்டு. கோவிலில் குழல் விளக்கு போட்டுக் கொடுப்பவர், 'உபயம்' என்று தம் பெயரையும் தந்தை பெயரையும் அந்தக் கண்ணாடியின் மேலேயே கறுப்பு எழுத்தில் எழுதிவிடுகிறார். கொடுத்த வெளிச்சத்தில் பாதியைப் பெயரே மறைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இந்த வழக்கம் வந்தால் விளைவு இன்னும் மோசம். விசிறியின் மேல் எழுதிய பெயர் யாருடைய அப்பா பெயர் என்பது வகுப்பில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். யாருடைய அப்பா பெயர் எங்குமே இல்லை என்பதும் தெரியும். கணக்குப் பாடம் கற்பதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கற்றுவிடுகின்றன குழந்தைகள். கொடுத்தவரின் பிள்ளைக்கு உரிமையும், கொடுக்க முடியாதவரின் பிள்ளைக்கு நன்றிக் கடனும் என்று ஆகிவிட்டால், அது பள்ளிக்கூடம் அல்ல, சத்திரம்.

இதனால்தான் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு பகுதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வேண்டும்; அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது காப்பாளராக இருக்க வேண்டும்; உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள்; நலிந்த பிரிவினரின் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகள் தோறும் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். சட்ட வாசகத்தை ஒதுக்கிவிட்டு அதன் பொருளைப் பாருங்கள். ஒரு தாய் குழுவில் உட்காருகிறாள். எதையாவது கொடுத்தாள் என்பதற்காக அல்ல. படித்தவள் என்பதற்காக அல்ல. அவள் குழந்தை அங்கே படிக்கிறது என்பதற்காக மட்டும். நாற்காலிக்கு இதுவரை இருந்த விலை நீங்கிவிட்டது. இது சிறிய மாறுதல் அல்ல.

சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது. வந்து உட்காருவதுதான் பாடு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொழுது விடிந்ததும் கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்துவிடுகிறது. நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன். வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிடுகிறது. வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்று பள்ளிக்கூடம் சீட்டு அனுப்பினால், அந்தத் தாய்க்கு அது ஒரு நாள் கூலியைக் கொண்டுவா என்று அனுப்பிய சீட்டுத்தான். வராதவளைப் பார்த்து, 'இவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையே இல்லை' என்று பேசுவது எளிது. அக்கறை இல்லாதவள் எதற்காக அந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தேர்ச்சி விகிதத்தைப் பற்றித் தலைமையாசிரியை வெகு நேரம் பேசினார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். ஒரு தாய் எழுந்து, "நான் படிக்காதவ டீச்சர். நான் இன்னா பேசப்போறேன்?" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனாள். தலைமையாசிரியை விடவில்லை. "படிப்பைப் பற்றி வேண்டாம்மா. பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேற ஒண்ணுமில்ல டீச்சர். சாயந்திரம் வந்ததும் சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறா. காலையில குடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வருது" என்றாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, "என் பொண்ணும் அப்படித்தான்" என்றாள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பெண் குழந்தைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்துபோய்ப் பல நாட்களாகிவிட்டன. போகக் கூசி, அந்தக் குழந்தைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கின்றன.

தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பிற்பகல் பாடம் எப்படி ஏறும்? தேர்ச்சி விகிதத்துக்கும் அந்தத் தாழ்ப்பாளுக்கும் இருந்த சம்பந்தம் எந்த இன்ஸ்பெக்டரின் அறிக்கையிலும் வந்திருக்காது. ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர்; அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தாய்க்குத்தான் தெரியும். ஆனால் தெரிந்தது ஒரு விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது. பெற்றோரின் பங்கு என்று நான் சொல்வது இதைத்தான். சுற்றுச்சுவர் கட்டிக் கொடுக்க முடியாதவளும் கொண்டுவரக்கூடிய செல்வம் ஒன்று இருக்கிறது. அதை அவளைத் தவிர வேறு யாராலும் கொண்டுவர முடியாது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. சர்க்கார் செய்ய வேண்டியதை ஏழைகளின் தலையில் கட்டுவதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்பது அழகான பெயர் அல்லவா என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். பாதி நியாயம்தான். தாழ்ப்பாள் போடுவது சர்க்காரின் கடமை. அதற்காகத் தாய்மார்களிடம் வசூல் செய்வது வெட்கக்கேடு. ஆனால் 'தாழ்ப்பாள் எங்கே?' என்று கேட்பதை யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது. இதே பாலாற்றுப் படுகை அதற்குச் சாட்சி. தோல் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தபோது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் அளித்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக்கியது. ஆறு அதனால் முழுவதும் தேறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டிராவிட்டால் அந்தத் தீர்ப்பே பிறந்திராது. ஊரார் கொடுத்ததால் கல்லூரிகள் வந்தன. ஊரார் கேட்டதால் ஒரு நீதி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டும் வேண்டும். இன்று இரண்டாவதுதான் அதிகம் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கடுமையானது. பெற்றோரை உள்ளே விட்டால் அவர்களுடைய சாதியும் கட்சியும் கூடவே உள்ளே வருமே? வரும். வந்திருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி சத்துணவு சமைக்க வந்தபோது, பெற்றோர் சிலர் அவர் சமைக்கக் கூடாது என்று கிளம்பினார்கள். பள்ளியை நடக்கவிடாமல் மறித்தார்கள். அவர்களும் தங்கள் பிள்ளைகளின் பேரால்தான் பேசினார்கள். 'எங்கள் பள்ளிக்கூடம்' என்ற வார்த்தை அங்கேயும் ஒலித்திருக்கும். அந்த வார்த்தையை மேலே புகழ்ந்தேன். இங்கே அதுவே நஞ்சாகிவிடுகிறது.

அப்படியானால் எல்லை எங்கே? நான் யோசித்துப் பார்த்த வரையில் இப்படித் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குள்ள உரிமை அவர்களுடையதே அல்ல, அது குழந்தையினுடையது. குழந்தையின் சார்பில் அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். என் குழந்தைக்குத் தாகம் என்று சொல்லும்போது ஒரு தாய் குழந்தையின் உரிமையைப் பேசுகிறாள். இன்னார் சமைத்ததை என் குழந்தை உண்ணாது என்று சொல்லும்போது ஒரு தகப்பன் தன் இழிவைக் குழந்தையின் வாயில் திணிக்கிறான். பசித்த குழந்தை சமைத்தவரின் சாதியைக் கேட்பதில்லை. கேட்கப் பெரியவர்கள்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். ஆகையால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். நான் கேட்பது கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் நன்மையா? ஆம் என்றால் உரக்கக் கேட்கலாம். அந்தக் குழந்தையோ, அதன் தாயோ தலைகுனிய நேரும் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தாழ்ப்பாள் விஷயத்தில் நடந்ததும் அதுதான். ஒருத்தி தன் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். முடிக்கும்போது எல்லாருடைய மகள்களையும் பற்றிப் பேசியிருந்தாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியில் கொஞ்சம் கணக்குப் பார்க்கும் புத்தி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பிறர் பிள்ளைமேல் அன்பு வருவதற்குத் தன் பிள்ளைமேல் உள்ள ஆசை வழிகாட்டினால் அதில் குறை ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கூலி போகாத நாளில், போகாத நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருக்கை வேண்டும். தவறு செய்த பையனின் தகப்பனை அழைக்கும் பள்ளிக்கூடம், அவன் நன்றாகப் படம் வரைந்த நாளிலும் ஒருமுறை அழைத்துச் சொல்ல வேண்டும். முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு தேர்ச்சி விகிதத்துக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பெரியவர்கள் கூடிப் பேசும்போது குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. தோல் ஷாப்பில் வேலை செய்யும் தன் தகப்பனை 'வாங்க, உட்காருங்க' என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்ட பையன், மறுநாள் வகுப்பில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவனும் அதைப் பார்த்திருப்பான். மனிதருக்கு மனிதர் மரியாதை என்பது எந்த வகுப்பின் பாடப் புத்தகத்திலும் ஒரு பாடமாகத்தான் இருக்கிறது. நடந்து காட்டினால்தான் அது மனத்தில் பதிகிறது. அந்த ஒரு பாடத்தைப் பெற்றோர் இல்லாமல் பள்ளிக்கூடத்தால் நடத்த முடியாது.