பழைய எஞ்சினும் பழைய மனிதனும்



கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஏற்றம் தெரிந்திருக்கும். பெலிஹுல்ஓயாவைத் தாண்டியபின் தொடங்கும் வளைவுகள், ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியை அடையும் வரை நம்மை விடுவதில்லை. அந்த ஏற்றத்தில்தான் சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கு வேனில் ஒயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டிய இளைஞன் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டான். பிள்ளைகளை மறைக்கல்விப் போட்டிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். அவர்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். வேனை ஹல்துமுல்லையில் றோட்டோரத்துக் கராஜ் ஒன்றுக்கு இழுத்து வந்தோம்.

ஜப்பான் டீசல் வேன். மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்படும் வரை, இருந்த வண்டியையே இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் இந்நாட்டில் அநேகர். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஒயில் மாற்றும் காசையும் டீசலுக்கே போட்டோம். அது நெருக்கடியின் குற்றம். ஆனால் நிலைமை சீரானபின்னும் ஒயில் மாற்றாமல் ஓட்டியது என் குற்றம். அதற்கு வேறு எவரையும் காரணம் சொல்ல முடியாது.

மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஓடித் திரிய வேண்டிய எண்ணெய், தார் போலக் கறுத்து, கட்டியாகி, தொட்டால் விரலில் அப்பிக்கொள்ளும் மண்டியாகக் கிடந்தது. எரிவாயுவின் கரியும், நீராவியும், சூடும் சேரும்போது ஒயில் கெடுகிறது. அழுக்கைக் கரைத்துத் தன்னுள் சுமக்கும்படி அதிற் கலந்துள்ள மருந்துகள் ஒரு காலம்வரைதான் வேலை செய்யும். அவை தீர்ந்தபின் அழுக்கு கண்ட இடத்தில் படிந்துவிடும். கோயிலிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் திரும்பியும் என்று குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது இன்னும் விரைவில் வருமாம். ஒயில் நன்றாகச் சூடேறி ஈரம் ஆவியாகப் போவதற்கு முன்னரே எஞ்சினை நிறுத்திவிடுகிறோம் அல்லவா?

“இதைக் கழுவ போத்தலில் ஒரு மருந்து விற்கிறார்களே அண்ணே, அதை ஊற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டேன். எனக்கு அடுத்த ஞாயிறு மூன்று தோட்டங்களில் பூசை இருந்தது.

“ஊத்தலாம் சாமி. லேசா அழுக்கு உள்ள எஞ்சினுக்குப் பரவாயில்ல. இது வருசக்கணக்கா கெடந்த மண்டி. ஒரேயடியா பேந்துச்சுன்னா கீழ சல்லடையில போயி அடைச்சுக்கும். ஒயில் மேல ஏறாது. மெட்டல் புடிச்சிரும். அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்.”

எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு சிறு சல்லடை இருக்கிறது. பம்பு அதன் வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அது அடைபட்டால், சுழலும் தண்டைத் தாங்கும் மெட்டல்கள் எண்ணெயின்றி உராய்ந்து, சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிப் போகும். சுத்தஞ் செய்யப் போய்க் கொன்றுவிடுவது என்றால் இதுதான்.

அவர் இரண்டு நாள் எடுத்தார். எண்ணெய்த் தொட்டியை இறக்கிச் சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினார். மேலே துளைகளைத் துணியால் அடைத்துக்கொண்டு, மூங்கிற் சிராயால் மண்டியைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தார். கையெட்டாத இடத்தில் இருந்ததைத் தொடவில்லை. புது ஒயிலும் புது பில்டரும் போட்டு, “ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டாங்க, திரும்ப மாத்துவோம். மிச்சத்தை ஒயிலே கரைச்சு எடுக்கும்” என்றார்.

அந்த இரண்டு நாளும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. கோயில் விறாந்தையில் நாலுபேர் அறிய நடந்தது. என்றாலும் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

நான் பங்குப் பொறுப்பேற்ற முதல் வருடங்கள். இருபது ஆண்டுகளாகக் கோயில் வாசலை மிதிக்காத ஒருவர், மகளின் முதல் நற்கருணைக்காக என்னிடம் வந்தார். தினமும் குடிப்பவர். தமையனோடு பேச்சில்லை, தாயின் நகை விஷயத்தில் ஒரு பழைய வஞ்சகம். கடன் வேறு. நான் உற்சாகத்தோடு ஒரு பட்டியல் கொடுத்தேன்: இன்றோடு குடியை நிறுத்துங்கள், தமையனிடம் உண்மையைச் சொல்லுங்கள், கடனை அடையுங்கள், உயிர்ப்பு ஞாயிறன்று புது மனிதராக வாருங்கள் என்று. குருமடத்தில் மனமாற்றம் பற்றிப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியவன் அல்லவா நான்!

பாவம், அவர் என்னை நம்பினார். அன்றைக்கே குடியை விட்டார். மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் கண்டு கத்தி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். நெடுங்காலம் மிகையாகக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்றும், வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்றும் அங்கேதான் எனக்குச் சொன்னார்கள். அவர் பிழைத்தார். ஆனால் திரும்பி வந்து, அந்தப் பலவீனத்திலேயே, என் சொற்படி தமையனின் வீட்டுக்குப் போய் நகைக் கதையை அவர் மனைவி பிள்ளைகள் முன்னிலையில் கொட்டினார். அடிதடியில் முடிந்தது. பாஸ்காவுக்கு முன்பே மறுபடியும் குடி. மகள் நற்கருணை வாங்கிய நாளில் அவர் கோயிலுக்குள் இல்லை.

திருந்துவது ஒரு கணத்திலா, காலப்போக்கிலா? இதை வெறும் ஏட்டுக் கேள்வி என்று இனி நான் சொல்லமாட்டேன்.

“சக்கேயு ஒரே நாளில் திருந்தவில்லையா?” என்று வாசகர் கேட்கலாம். திருந்தினார். பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்க்கும் தருவதாக நின்றார். ஆனால் லூக்காஸ் எழுதிய 19ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். இயேசு அவரிடம் பட்டியல் எதுவும் நீட்டவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்று மாத்திரம் கேட்டார். கணக்கைச் சொன்னவர் சக்கேயுவே. நானோ விருந்துக்குப் போகுமுன்பே கணக்கைக் கேட்டுவிட்டேன்.

புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், பாப்பரசராக இருந்தபோது 1981 நவம்பரில் குடும்ப வாழ்வு பற்றி வெளியிட்ட ஊக்கவுரையின் 34ஆம் பகுதியில் இதைப் பற்றிப் பேசுகிறார். மனிதன் நன்மையை அறிந்து, நேசித்து, நிறைவேற்றுவது படிப்படியாகவே என்கிறார். அதே மூச்சில், சட்டத்தையே ஆளுக்கொரு படியாகக் குறைத்துவிட முடியாது என்றும் எச்சரிக்கிறார். நம்மவர் பலர் முதற் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். “மெல்ல மெல்ல விடுகிறேன் சாமி” என்று பதினைந்து தவக்காலமாகச் சொல்லி வருபவர்களை நான் அறிவேன். ஒயிலை மாற்றாமல் மண்டி தானாகக் கரையும் என்று காத்திருப்பது அது. அவர்களுக்கு இந்தக் கட்டுரை சாட்சியாக நிற்காது.

அப்படியானால் எதை உடனே நிறுத்துவது, எதைப் பொறுமையாகச் சுரண்டுவது? எங்கள் வேனே இதற்கும் ஓரளவு வழி காட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தவுடன் அந்த இளைஞன், “அடுத்த வளைவு வரை ஓட்டுவோம்” என்று எண்ணியிருந்தால், மெக்கானிக்கின் பொறுமைக்கே வேலை இருந்திராது. அயலானை இந்தக் கணமே காயப்படுத்திக்கொண்டிருக்கும் தீமைக்குப் படிகள் இல்லை. மனைவியை அடிப்பவன் இனி வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் அடிப்பேன் என்று பிரதிக்கினை செய்ய முடியாது. கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறைத்து எழுதுபவன் நாளைய நிறுவையிலேயே சரியாக எழுத வேண்டும். ஆனால் அந்த அடியும் களவும் வருடக்கணக்காய் அவனுக்குள் படியவிட்ட பயம், பழக்கம், பொய், தன்மேல் தனக்கே உள்ள வெறுப்பு ஆகியவை ஒரே தவக்காலத்தில் பேர்ந்து வரமாட்டா. வலிந்து பேர்த்தால் எங்கேயோ போய் அடைக்கும். குடியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி வேனைத் திரும்பக் கொண்டுபோனபோது, புது ஒயில் மை போலக் கறுத்திருந்தது. காசு வீணாயிற்று என்று நினைத்தேன். மெக்கானிக் சிரித்தார். “டீசல் எஞ்சின்ல ஒயில் சீக்கிரமே கறுக்கும் சாமி. இதுல பழைய அழுக்கும் சேந்து வருது. கறுக்கலேன்னாதான் நான் யோசிப்பேன்.” நெடுங்காலம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தொடங்குபவர்கள், இரண்டாம் மூன்றாம் தடவையில், முன்னைவிட மோசமாகிவிட்டோமோ என்று மனந்தளர்வதைப் பார்த்திருக்கிறேன். தெளிவாகத் தோன்றும் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெயில் பட்டால்தான் தூசுகள் தெரியவரும் என்று அவிலா புனித தெரேசம்மாள் தம் சுயசரிதையில் உவமை சொல்லியிருக்கிறார். அந்தத் தூசு வெயிலோடு வந்ததல்ல.

வேன் இப்போது மூன்றாவது ஒயிலில் ஓடுகிறது. சென்ற வாரம் அதில் அந்த மனிதரின் லயத்துக்குப் போனேன். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். கோயிலைப் பற்றியோ குடியைப் பற்றியோ நான் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது தவறு என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பிளேன்டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வேன் ஏறும் சத்தம் முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.