நிற்க முடியாத இடம்

எங்கள் ராயபுரம் வீட்டில் இணையப் பக்கங்களை டெலிவிஷனில் படிப்பது நைனாவுக்காக ஏற்பட்ட பழக்கம். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். புரை விழுந்த கண்ணுக்கு ஃபோன் எழுத்து எட்டவில்லை. ஆகவே பெரிய திரை. ரிமோட் என் கையில். 'எண்ணூர்' என்று அடிக்கத் திரையிலுள்ள எழுத்துப் பலகையில் நாலு திசைப் பொத்தான்களால் ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்து சேர வேண்டும். இந்தத் தாமதம் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆட்சேபணை வேறு.

பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வெளிச்சக் கட்டம் நகர்கிறது. சில பெட்டிகளில் அம்புக்குறி இஷ்டப்படி நகரும், எங்களுடையது அப்படியல்ல. கட்டம் ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவும். வேறு பக்கத்துக்கு வழிவிடுகிற சொல்லில் மட்டுமே நிற்கும். எங்கும் இட்டுச் செல்லாத பத்தி, எவ்வளவு கனமானதாயினும், நழுவிப் போய்விடும். இந்தக் கருவியின் கணக்கில், அழுத்த முடியாதது இருப்பதே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்கள் பக்கெட்டாலும் கையாலும் அள்ளினார்கள். சென்ற மாதம் நைனா அந்தச் செய்தியை மறுபடி கேட்டார். படித்துக்கொண்டு வருகையில் "அங்கயே நிறுத்துடா" என்றார். நிறுத்த முடியவில்லை. கீழே அழுத்தினேன், கட்டம் 'மேலும் படிக்க'வில் போய் நின்றது. மேலே அழுத்தினேன்; தலைப்புப் பட்டைக்குத் தாவியது. "கையால அள்றான், அத வுட்டுட்டு எங்கடா போற?" என்றார்.

பழியைப் பொறியின் மேல் போடுவது சுலபம். 1950களில் அமெரிக்க வீடுகளுக்கு ரிமோட் வந்ததே நாற்காலியை விட்டு எழாமல் சேனல் மாற்றத்தான். வாசிப்பு அதன் தொழிலல்ல. என் பிரச்னை அது இல்லை.

எண்ணெய் படர்ந்ததற்கு அடுத்த மாதம், நிவாரணம் 12,500 ரூபாய் ஏறிவிட்டதா என்று கேட்டு என் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். பாஸ்புத்தகத்தைப் பதிந்து "இன்னும் வரலை" என்றேன். அவர் வலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. என் கண் அடுத்த டோக்கனுக்குத் தாவியிருந்தது. அப்போது என் கையில் ரிமோட் இல்லை.

செயலுக்கு இட்டுச் செல்லாத கவனம் வெறும் உணர்ச்சி நுகர்வு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நானும் சொல்லியிருக்கிறேன். 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்த சிமோன் வெய்ல், கவனம் என்பதை முனைப்பாக அல்ல, காத்திருத்தலாகவே கண்டார். பிறர் துன்பத்தை அப்படிப் பார்ப்பதிலிருந்துதான் அறம் தொடங்குவதாக நினைத்தார். இதில் பக்தி அதிகம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கினேன். இப்போது நடைமுறை விஷயமாகப் படுகிறது. செய்ய ஏதும் உண்டா இல்லையா என்பது நின்ற பிறகுதான் தெரியவரும். வலையைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு காரியம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கேட்காததால் அதுகூடத் தெரியாது. செய்ய ஒன்றுமில்லை என்று நான் முடிவு கட்டியது விசாரித்து அல்ல, தாவிப் பழகியதால்.

இப்போதெல்லாம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, திரையருகே போய் வரிக்கு வரி விரல் வைத்து வாசிக்கிறேன். நைனா நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். கவுண்டரில் இதற்கு என்ன வழி என்று இன்னும் பிடிபடவில்லை.